பெயர் எழுதாத கேன்

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. அடுத்தவர் வாயால் நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் அடுப்பில் ஊற்ற மாட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய், திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பேன். "உன்னைக் கட்டிக்கினதுக்கு போலீஸ் ஸ்டேஷன்லயே குடியிருந்திருக்கலாம், அங்கயாவது ஜாமீன் கிடைக்கும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் ஏன் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்றும் நான் யோசிப்பேன்.

இந்தப் புத்தி ஆராய்ச்சிக்கு நல்லது என்று கல்லூரியில் சொன்னார்கள். எதையும் நம்பாதே, சோதித்துப் பார் என்றார்கள். எதைச் சோதிப்பது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. சுற்றிலும் இரும்பு உருக்குகிற ஆலைகள். எங்கள் வாசலில் இருக்கிற புங்க மரத்தின் இலையைத் தொட்டால் விரலில் கருப்பு ஒட்டும். அந்தப் புகைக்கு நடுவே நாங்கள் நொதி தயாரித்தோம். என்சைம் என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும். துணி சோப்பில் போடுகிற நொதி, ரொட்டி மாவை மிருதுவாக்குகிற நொதி, இப்படி. எனக்குக் கொடுத்த வேலை புதியது. சிப்பிக் காளானில் லாக்கேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. காளான் வைக்கோலைத் தின்று வளர்வதே இந்த நொதியின் தயவில்தான். வைக்கோலில் இருக்கிற மர நாரையே உடைக்கிற அது சாயத்தையும் உடைக்கும். ஜீன்ஸ் துணி வெளுக்கிற கம்பெனி ஒன்று அதைக் கேட்டிருந்தது. காளானில் இருக்கிற நூறு சரக்கிலிருந்து அந்த ஒன்றை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுத்து, அதற்கு எவ்வளவு சூடு பிடிக்கும், எவ்வளவு புளிப்பு தாங்கும், எது அதைக் கொல்லும் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பொங்கலுக்குள் முடியாவிட்டால் அந்த வேலையை மூடிவிட்டு, என்னைப் பழையபடி சோப்பு நொதியின் தரம் பார்க்கும் மேசைக்கே அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

காளான் நான் குடியிருக்கிற கடம்பத்தூரிலேயே கிடைத்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒருவர் ஓலைக் குடில் போட்டு, வைக்கோலை வேகவைத்துப் பைகளில் அடைத்து வளர்க்கிறார். விடியற்காலையில் பறித்து, தராசில் அரைக் கிலோ நிறுத்துத் தருவார். தராசு முள்ளை நான் குனிந்து பார்ப்பேன். முதல் மாதம் அவருக்குக் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. அங்கிருந்து கம்பெனி வேன். திருவள்ளூர், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

ஆரணியில்தான் அக்கா ஏறுவார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய அப்பா அம்மா காலத்தில் அடுத்தவர் நெல்வயலில் நாற்று நட்ட குடும்பம். அக்கா காலத்தில் தொழிற்பேட்டை. எங்களிடம் வருவதற்கு முன்னால் ஓர் இரும்பு ஆலையின் முற்றத்தில் வெயிலில் நின்று துண்டு இரும்பைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கையில் அதன் தழும்புகள் இருந்தன. எங்கள் கம்பெனிக்கு அவர் வந்தது காண்ட்ராக்டர் மூலமாக. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வுக்கூடத்திலிருந்து 'வேலை திருப்தி' என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த மூன்று மாதம்.

"ஏசி ரூம்ல வேலன்னா எங்க தெருவுல ஒருத்தியும் நம்ப மாட்டேன்றா மேடம்" என்று ஒரு நாள் வேனில் சொன்னார். "கண்ணாடி கழுவுறதுக்கு ஏசியான்னு கேக்குறாளுங்க. இந்த வேல மட்டும் நெலச்சிட்டா, எம் பொண்ணு நர்சிங் முடிக்கிற வரிக்கும் எனக்குக் கவலயே இல்ல."

என் மடியில் இருக்கும் காளான் பையைப் பார்த்து தினமும் ஒரே கேள்வி கேட்பார்.

"இன்னா மேடம், இன்னிக்கும் அரைச்சி ஊத்திடுவியா? ஒரு நாளாச்சும் மொளகு போட்டு வறுத்துத் துன்னக் கூடாதா?"

நான் சிரிப்பேன். சிரித்துவிட்டுப் பையின் வாயை இன்னொரு சுற்று முறுக்கிக்கொள்வேன்.

வேலை செய்யும் முறை எளியதுதான். காளானைக் குளிர்ந்த கரைசலில் போட்டு அரைக்க வேண்டும். அந்தக் கரைசலுக்கு பஃபர் என்று பெயர். புளிப்பு ஏறாமல் இறங்காமல் பிடித்து வைக்கிற உப்புத் தண்ணீர். அரைத்ததை வடிகட்டி, அதில் கொஞ்சம் கொஞ்சமாக அம்மோனியம் சல்பேட் உப்பைத் தூவினால் புரதங்கள் திரிந்து அடியில் தங்கும். திரிந்ததை எடுத்து, சவ்வுப் பையில் அடைத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, பெரிய பாத்திரத்தில் பஃபருக்குள் மிதக்கவிட வேண்டும். உப்பு சவ்வு வழியாக வெளியே போய்விடும், நொதி உள்ளே நிற்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் செய்கிறார்களே, அதே டயாலிசிஸ்தான். ஒவ்வொரு படியிலும் நொதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. நிறமில்லாத ஒரு மருந்தில் ஒரு சொட்டு விட்டால், நொதி இருந்தால் பச்சையாகும். இல்லாவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

முதல் தடவை டயாலிசிஸ் முடித்துச் சொட்டு விட்டபோது கண்ணாடிக் குப்பியில் பச்சை ஏறியது. வேப்பிலைக் கொழுந்து நிறம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம காளானா இது!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். 'நம்ம' என்ற சொல் எனக்கு உறுத்தியது. என் காளான் எப்போது நம்ம காளான் ஆயிற்று?

அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தேன். கடம்பத்தூரில் அரைக் கிலோவாக இருக்கும் காளான், குளிர் அறையில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துக் கும்மிடிப்பூண்டித் தராசில் நிறுத்தால் இருபது கிராம் குறைந்தது. மறுநாள் இருபத்தைந்து. குளிர் அறையின் சாவி அக்காவிடம்தான் இருக்கும். எல்லோருக்கும் முன்னால் அவர்தான் திறந்து பெருக்குவார். இருபத்தைந்து கிராம் காளானை வைத்து யார் குழம்பு வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேன் ஜன்னல் காற்றில் காளானின் ஈரம் உலர்ந்து எடை குறையும் என்பது, காளானைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை டயாலிசிஸ் பாத்திரத்தைத் திறந்து பார்த்தால் பஃபரில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை மிதந்தது. மூடியின் மேல் நான் ஒரு தலைமுடியை ஒட்டி வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், யாராவது திறந்தால் தெரியட்டும் என்று வைத்தது. முடி அறுந்திருந்தது. பாத்திரமும் நான் வைத்த இடத்தில் இல்லை. ஒரு முழம் தள்ளி இருந்தது.

"அக்கா, என் பாத்திரத்தை யார் தொட்டது?"

"நாந்தான் மேடம் நவுத்தி வச்சேன். மேலேர்ந்து தண்ணி சொட்டிக்கினு இருந்துச்சி."

அண்ணாந்து பார்த்தேன். குளிரூட்டியின் குழாய் காய்ந்து கிடந்தது. அது சொட்டுவது காலையில் கதவைத் திறந்த புதிதில் மட்டும்தான் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கேட்டவுடனே பதில் தயாராக வைத்திருக்கிறார் என்பதுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் கண்ணுக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

என் பாத்திரத்தில் யாரோ கை வைக்கிறார்கள், அழுக்கான உறிஞ்சுகுழாயை உள்ளே விடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்டுப் பயனில்லை. நாமே காவல் போட வேண்டியதுதான். கல்லூரியில் நான் வேறொரு நொதியோடு வேலை செய்தபோது, கரைசல்களில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க சோடியம் அசைடு என்று ஒரு வெள்ளைப் பொடியைச் சிட்டிகை போடுவோம். விஷம்தான். ஆனால் அவ்வளவு குறைவாகப் போட்டால் கிருமி வளராது, நொதிக்கும் ஒன்றும் ஆகாது. அந்த நொதிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனவே பத்து லிட்டர் கேன் ஒன்றில் எனக்கென்று தனியாக பஃபர் கலந்து, அதில் அந்தப் பொடியைப் போட்டேன். கேனின் மேல் பெயர் எழுதவில்லை. எழுதினால் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள் அல்லவா? அடியில் நகத்தால் ஒரு கோடு மட்டும் கிழித்துவைத்தேன். நோட்டிலும் எழுதவில்லை. என் நோட்டை யாரோ புரட்டுகிறார்கள் என்ற சந்தேகம் அப்போது எனக்கு இருந்தது. 'பஃபர்' என்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது தடவை. அரைத்த சாற்றில் பச்சை வந்தது. உப்புப் போட்டுத் திரித்ததிலும் வந்தது. சவ்வுப் பையில் அடைத்து என் கேன் பஃபரில் போட்டு, மறுநாள் சொட்டு விட்டால், தண்ணீர். பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர்தான்.

பூஞ்சை மட்டும் இல்லை. அதைப் பார்த்து, பரவாயில்லை, காவல் வேலை செய்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது தடவையும் அப்படியே. ஐந்தாவது தடவைக்குக் காளான்காரர் வீட்டு வாசலில் விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்து, என் கண் முன்னால் பறிக்கச் சொன்னேன். குளிர் அறைக்கு நானே ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். அந்த அறைக்குள் வேலை இருந்த மற்றவர்கள் சத்தம் போட்டதால் கழற்றினேன். பையின் முடிச்சை எப்போதும் போடுகிற மாதிரி இல்லாமல் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி போட்டேன். முடிச்சு அப்படியே இருந்தது. நொதி செத்திருந்தது. சாவியும் பூட்டும் முடிச்சும் தாண்டி ஒருவர் உள்ளே புகுந்து என் நொதியைக் கெடுக்கிறார் என்றால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று அக்காவைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தேன். அவர் பாட்டுக்குக் கழுவுதொட்டி முன் நின்று, வெறுங்கையால் என் கேனைக் குலுக்கிக் குலுக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சொட்டு எடுத்தபின் மறுபடி அதே முடிச்சுப் போட்டிருந்த அந்தச் சவ்வுப் பையைச் செத்த நொதியோடு தொட்டியில் வீசிவிட்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

"ஏம்மா, பஃபர்ல ஏதாவது மாத்தினியா?" என்று அவர் கேட்டார். சரியான கேள்வி. அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"இல்ல சார்" என்றேன்.

அதைப் பொய் என்று நினைத்து நான் சொல்லவில்லை. அந்தப் பொடி என் மனசில் ஒரு மாற்றமாகவே பதியவில்லை; அது என் காவலாள். ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு, நானே நிறுத்திய காவலாளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அதோடு, ரகசியமாகப் போட்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"அப்ப என்னதான் காரணம்?"

"தொடக்கூடாதவங்க தொடுறாங்க சார்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அனுமதி இல்லாதவர் மாதிரிகளைக் கையாளுகிறார், பாத்திரங்களை இடம் மாற்றியதை அவரே ஒப்புக்கொண்டார், எடை குறைவதையும் கவனித்தேன், இப்படிப் பத்து வரி. யார் என்று பெயர் போடவில்லை. ஆய்வுக்கூடத்தில் அனுமதி இல்லாதவர் ஒருவர்தான் இருந்தார்.

மறுநாள் வேன் ஆரணியில் நின்றது. அக்கா ஏறினார். வழக்கம்போல என் பையைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மத்தியானம் காண்ட்ராக்டரின் ஆள் வந்து அவரைக் கூப்பிட்டுப் பேசினான். அக்கா சத்தம் போடவில்லை. கழுவிய சாமான்களை எல்லாம் துடைத்து அடுக்கினார். குளிர் அறைக்குப் போய் இரண்டு நிமிஷம் இருந்துவிட்டு வந்தார். இரண்டு நிமிஷம் உள்ளே என்ன வேலை என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். போகும்போது என் மேசைக்கு வந்தார்.

"மேடம், நா இன்னா பண்ணேன்னு இப்பிடி எழுதிக் குடுத்த?"

"நான் யார் பேரையும் எழுதலக்கா."

"பேரு எழுதலன்னா நான் இல்லன்னு ஆய்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வேனில் அவர் வழக்கமாக உட்காரும் பின் இருக்கை காலியாக இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆறாவது தடவைக்கு ஏற்பாடு செய்யத் தெம்பு வர ஒரு வாரம் ஆயிற்று. குளிர் அறையில் இடம் ஒழித்துக்கொண்டிருந்தபோது, கீழ்த் தட்டின் மூலையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் கண்ணில் பட்டது. உள்ளே தண்ணீரில் ஒரு சவ்வுப் பை. எனக்கு மட்டும் தெரிந்த அந்த முடிச்சோடு. பாத்திரத்தின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: 'மேடம் பை. கொட்டாதீங்க.'

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்ற சந்தோஷம். நான் வீசிய பையை எடுத்து மறைத்து வைத்திருக்கிறார். இதை வைத்து ஏதோ செய்திருக்கிறார். உள்ளே என்ன கலந்திருக்கிறார் என்று சோதித்து மேலாளரிடம் காட்டிவிடலாம் என்று பையைப் பிரித்து ஒரு சொட்டு எடுத்து அந்த மருந்தில் விட்டேன்.

பச்சை ஏறியது. முதல் நாள் வந்த அதே பச்சை, கண் முன்னால், எண்ணி ஐந்து நொடியில்.

செத்தது எப்படிப் பிழைக்கும்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பைக்குள் இருந்தது என் ஐந்தாவது நொதி. அது என் கேனில் இருந்தபோது செத்துக் கிடந்தது. காய்ச்சி வடித்த வெறும் வடிநீரில் ஒரு வாரம் கிடந்ததும் எழுந்துவிட்டது. அப்படியானால் உள்ளிருந்து ஏதோ ஒன்று சவ்வு வழியாக வெளியே போயிருக்க வேண்டும். என்ன போயிற்று என்ற கேள்வி வந்ததும் என் கண் கேனின் பக்கம் திரும்பியது.

பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். லாக்கேஸின் உயிர்நாடி அதனுள் இருக்கிற செம்பு அணுக்கள். அசைடு நேராகப் போய் அந்தச் செம்பைப் பிடித்துக்கொள்ளும். பிடித்திருக்கும் வரைக்கும் நொதி அசையாது, விட்டால் பிழைத்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் இரண்டே வரி. எது அதைக் கொல்லும் என்று எழுதிக் கொடுப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலையே. ஆறாவது தடவைக்கென்று கலந்து வைத்திருந்த என் கேன் பஃபரில் ஒரு சொட்டை எடுத்து, பச்சையாகிக்கொண்டிருந்த இன்னொரு குப்பியில் விட்டுப் பார்த்தேன். பச்சை ஏறுவது அங்கேயே நின்றது. இதற்கு மேல் யாரைச் சந்தேகப்பட? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். யானை போட்டுக்கொண்டது தன் தலையில். நான் போட்டது அக்காவின் தலையில்.

பையை ஏன் வைத்தார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வந்த புதிதில் நானே அவருக்குச் சொல்லியிருந்தேன்: இந்தச் சவ்வு விலை உயர்ந்தது, காய்ந்தால் உடைந்துவிடும், எப்போதும் வடிநீரிலேயே போட்டு வைக்க வேண்டும் என்று. ஆத்திரத்தில் வீசிவிட்டேன், நாளைக்குத் தேடுவேன் என்று எடுத்து வைத்திருக்கிறார். அந்த இரண்டு நிமிஷம் உள்ளே போனது தண்ணீர் மாற்ற.

மேலாளரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, கண்டுபிடிச்சிட்டல்ல? வேலையப் பாரு. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு."

"அவங்களத் திரும்பக் கூப்பிடணும் சார்."

"அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா. அவங்கள காண்ட்ராக்டர் வேற எங்கயோ அனுப்பிட்டான்."

"நான் எழுதிக் குடுத்தது தப்புன்னு எழுதித் தரேன்."

"பேர் எழுதாத கேன்ல விஷம் வச்சிருந்தேன்னு நீயே எழுதித் தருவியா? க்ளையண்ட் காதுக்குப் போனா என்ன ஆவும் தெரியுமா?"

எழுதிக் கொடுத்தேன். அதை அவர் மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். என் நோட்டிலும் 'பஃபர்' என்று எழுதியிருந்த மூன்று இடங்களிலும் பக்கத்திலேயே அசைடு சேர்த்ததை எழுதி, எழுதிய தேதியும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. இடம் காலியானால் அந்த அம்மாவையே கூப்பிடலாம் என்று மட்டும் கடைசியில் சொன்னார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெரு என்று வேன் டிரைவர் சொல்லியிருந்தார். அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வா மேடம். இன்னா இவ்ளோ தூரம்?"

உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். கவரப்பேட்டை பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் போட்டிருக்கிறார்களாம். நாள் முழுக்க நிற்க வேண்டும், தகரக் கூரை. பெண் படிப்பைப் பற்றிக் கேட்டேன். "படிச்சிக்கினு இருக்கா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. போட்டு உடைத்தேன். "உங்க மேல தப்பே இல்லக்கா. நான் போட்ட மருந்துதான் கெடுத்துச்சு. நீங்க தண்ணியில போட்டு வச்சீங்களே, அதுதான் உயிரோட இருந்துச்சு."

"பச்சை வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு."

அவர் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்து போயிற்று. "நா கெடுக்கலன்றது எனக்குத் தெரியாதா மேடம்? அத்தச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்த?"

அழுகை வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. "நீங்க வெறுங்கையால கழுவினீங்களே அந்தக் கேன், பேர் எழுதாம வச்சிருந்தேனே, அதுலதான் அந்த மருந்து இருந்துச்சு. அது விஷம்க்கா. நான் எழுதி ஒட்டியிருக்கணும்."

அக்கா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். திருப்பிப் புறங்கையையும் பார்த்தார்.

"கைக்கு இன்னாவாச்சும் ஆவுமா?"

"ஆகாதுக்கா. ரொம்பக் கொஞ்சம்தான் போட்டிருந்தேன். ஒண்ணும் ஆகாது."

"சரி" என்றார். அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டார். நிஜமாகவா, எவ்வளவு போட்டாய், டாக்டரைப் பார்க்கட்டுமா என்று எதுவும் கேட்கவில்லை. "இரு, டீ போட்டாறேன்" என்று எழுந்து உள்ளே போனார்.

டீ வந்தது. எவர்சில்வர் டம்ளரில், மேலே ஆடை படர்ந்து. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக எந்த டம்ளரையும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். நிறம், ஆடை, அடியில் ஏதாவது தெரிகிறதா. எனக்கே தெரியாமல் கை உதட்டுக்குப் போகாமல் நின்றிருந்தது. சூடு ஆறட்டும் என்று நின்றதாக இன்று நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நான் நம்ப மாட்டேன்.

அக்கா அதைக் கவனித்துவிட்டார். என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். பக்கத்தில் இருந்த இன்னொரு டம்ளரில் கொஞ்சம் சாய்த்து, என் முன்னால் ஒரே மூச்சில் குடித்தார். மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"ஒண்ணியும் கலக்கல மேடம். குடி."

கோபமாகச் சொல்லவில்லை, காய்ச்சல்காரக் குழந்தைக்குக் கசாயம் தருகிற மாதிரி சொன்னார். விஷம் கலந்த கேனைக் கழுவிய கைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொன்ன ஒரு வார்த்தை அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவர் போட்ட டீக்கு எனக்குச் சாட்சி தேவைப்பட்டது.

வாங்கிக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். டம்ளரை நானே கழுவி வைக்கிறேன் என்றேன். வேண்டாம் மேடம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்.